வாசலில் கிடக்கும் உப்பு மூட்டையும் அயோடின் சட்டமும்

மளிகைக் கடையில் உள்ள சரக்குகளிலேயே விலை குறைந்தது உப்பு. லாபமும் குறைவு. திருட்டுப் பயமும் கிடையாது. அதனால்தான் இரவில் கடையைப் பூட்டிய பிறகும் உப்பு மூட்டை மட்டும் வாசலிலேயே கிடக்கும் வழக்கம் நம் ஊர்களில் வந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு உப்பு அவ்வளவு சாதாரணமான சரக்கு அல்ல. அரசு ஒரு குறிப்பிட்ட இரசாயனத்தைக் குறிப்பிட்ட அளவில் கலந்துதான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கும் சரக்கு அது. அந்தக் கட்டாயம் உப்பளத்தில் தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலும் சோதிக்கப்படுவது நமது கடைப் பலகையில்தான்.

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், புதுச்சேரி எல்லையை ஒட்டியுள்ள பொம்மையார்பாளையம் பகுதி வணிகர்கள் இது பற்றி மூன்று கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஒன்று: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். அங்கே கண்ணெதிரே விளையும் உப்பை நாம் விற்கக் கூடாதா?

இரண்டு: கடல் மீனும் கடல் உப்பும் சாப்பிடும் ஊருக்குத் தனியாக அயோடின் எதற்கு?

மூன்று: கருவாடு போட மூட்டை மூட்டையாக உப்பு கேட்டு வருகிறவர்களுக்கு எந்த உப்பைக் கொடுப்பது?

மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் தெரியாமல் விற்பதால் வரும் தொல்லை பெரிது என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது நடைமுறையில் இருப்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். அது 2011 ஆகஸ்ட் 5 முதல் முழு அளவில் அமலுக்கு வந்தது. அதன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விற்பனைத் தடை மற்றும் கட்டுப்பாடு ஒழுங்குமுறைகளில் சாதாரண உப்பைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. நேரடியாக மனிதர் உண்பதற்கான உப்பு, அயோடின் கலந்ததாக இருந்தாலொழிய அதை விற்கக் கூடாது. விற்பனைக்கு வைக்கவும் கூடாது. விற்கும் நோக்கத்தோடு கடையிலோ கிடங்கிலோ இருப்பு வைக்கவும் கூடாது என்பது அந்த விதி.

இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. "நான் இன்னும் விற்கவில்லை, மூட்டை சும்மா கிடக்கிறது" என்று சொன்னால் அது பதிலாகாது. விற்பதற்காக வைத்திருப்பதே விதிமீறல்.

அதே விதியில் விலக்கும் உண்டு. பிறகு அயோடின் கலப்பதற்காக, இரும்புச் சத்து சேர்ப்பதற்காக, கால்நடைகளுக்காக, உணவுப் பொருளைப் பதப்படுத்துவதற்காக, மருந்து தயாரிப்பதற்காக, தொழிற்சாலை உபயோகத்திற்காக என்றால் அயோடின் இல்லாத உப்பை விற்கலாம், இருப்பு வைக்கலாம். ஆனால் எந்த உபயோகத்திற்கு என்பது மூட்டையின் மேல் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான். மரக்காணத்து உப்புக்கு எந்தத் தடையும் இல்லை. அயோடின் கலந்து, முறையான விவரச்சீட்டுடன் வந்தால் சமையலுக்கு விற்கலாம். கலக்காமல் வந்தால், எழுதியிருக்கும் உபயோகத்திற்கு மட்டுமே விற்கலாம். தடை ஊருக்கு அல்ல, அயோடின் இல்லாமைக்கு. விதி மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நிலைதான்.

அளவு என்ன?

சில்லறைக் கடையில் எடுத்துச் சோதிக்கும்போது உப்பில் பத்து இலட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால் ஒரு டன் உப்பில் 15 கிராம். உற்பத்தி இடத்தில் இதைவிடக் கூடுதலாகக் கலக்கச் சொல்கிறார்கள். 1990-களின் விதியில் அது டன்னுக்கு 30 கிராமாக இருந்தது. போக்குவரத்திலும் இருப்பிலும் கொஞ்சம் போய்விடும் என்பதை எதிர்பார்த்தே இந்த வித்தியாசம் வைக்கப்பட்டது.

இந்த 15 எங்கிருந்து வந்தது? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். ஒருவர் ஒரு நாளில் சுமார் 10 கிராம் உப்பு உண்கிறார் என்று வைத்துக் கொண்டால், டன்னுக்கு 15 கிராம் என்ற அளவில் அந்த 150 மைக்ரோகிராம் சரியாகக் கிடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்குத் தேவை 250 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊசி முனையில் நிற்கும் அளவுதான். ஆனால் அது தினமும் உடம்புக்குள் போக வேண்டும். மொத்தமாக ஒரு நாள் சாப்பிட்டு ஒரு வருடத்துக்குச் சேமிக்க முடியாது. ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் தினமும், ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணும் பொருள் உப்பு ஒன்றுதான். அதனால்தான் அயோடினை ஏற்றும் வண்டியாக உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடல் உப்பில் அயோடின் இல்லையா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கடலில் அயோடின் உண்டு என்பது உண்மை. ஆனால் அளவு மிகக் குறைவு. அதிலும் உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்புப் படியும்போது, அயோடின் உப்போடு சேர்ந்து படிவதில்லை. உப்பு வாரிய பிறகு வடித்து வெளியேற்றுகிறோமே கசப்பு நீர், அதனோடுதான் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே பாத்தியிலிருந்து வாரிய கல் உப்பில் உடம்புக்குப் போதுமான அயோடின் இருக்காது. "கடல் உப்பு இயற்கையானது, அதிலேயே எல்லாம் இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால், இயற்கையானது என்பது சரி, எல்லாம் இருக்கிறது என்பது சரியல்ல.

கடல் மீனில் அயோடின் நிச்சயம் உண்டு. ஆனால் மீன்பிடித் தடைக் காலத்திலும், மீன் விலை ஏறிய நாட்களிலும், விரத நாட்களிலும் கடற்கரை ஊரிலும் எல்லா வீட்டிலும் மீன் வேகுவதில்லை. நமது கடையில் வாங்குவோர் அனைவரும் மீனவர்களும் அல்லர். கடற்கரை ஓரம் என்பதால் மட்டும் பற்றாக்குறை வராது என்று சொல்வதற்கில்லை.

பற்றாக்குறை வந்தால் என்ன ஆகும்? முன்கழுத்துக் கழலையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அது வெளியே தெரிவது. வெளியே தெரியாதது அதைவிடக் கொடுமை. கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் கரு கலையலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். பிழைத்துப் பிறந்தாலும் மூளை வளர்ச்சி குன்றலாம். பிறகு எந்த மருந்து கொடுத்தும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. நமது கடையில் கால் கிலோ உப்பு வாங்கிப் போகும் பெண்ணின் வயிற்றில் உள்ள குழந்தையைப் பற்றியது இந்தச் சட்டம் என்பதை நாம் மறக்கலாகாது.

சட்டம் நடந்து வந்த பாதை

சுவிட்சர்லாந்தில் 1922-லும் அமெரிக்காவில் 1924-லும் அயோடின் உப்பு கடைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 1956 முதல் இமாசலப் பகுதியின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை நோய் நன்றாகக் குறைந்தது. அதன் அடிப்படையில் 1962-ல் தேசியக் கழலை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992-ல் அது தேசிய அயோடின் குறைபாட்டு நோய்கள் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று பெயர் மாறியது.

வணிகர்களைச் சட்டம் நேரடியாகத் தொட்டது 1990-களின் கடைசியில். 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ், அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்பது 1998 மே 27 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. சிறு உப்பு உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். 1930-ல் தண்டியிலும் நம் வேதாரண்யத்திலும் உப்புக்காகச் சிறை சென்ற நாட்டில், ஒருவர் எந்த உப்பு உண்ண வேண்டும் என்று அரசு கட்டளையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. 2000-ல் மத்திய அரசு தடையை விலக்கிக் கொண்டது. மருத்துவர்கள் அதை எதிர்த்தார்கள். 2006 மே 17 முதல் தடை மீண்டும் வந்தது.

விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிற்று. 2011 ஜூலை 4-ல் தீர்ப்பு வந்தது. கலப்படத்தைத் தடுக்க வந்த பழைய சட்டத்தின் கீழ், ஒரு பொருளைக் கட்டாயமாகக் கலக்கச் சொல்லும் விதியை இயற்ற அதிகாரமில்லை என்று நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் மக்கள் நலன் கருதி, மாற்று ஏற்பாடு செய்து கொள்ளும்படி ஆறு மாத காலம் தடை தொடர அனுமதித்தது. அதற்குள் புதிய சட்டம் அமலுக்கு வந்து, அதன் கீழேயே இந்த விதி இடம் பெற்றுவிட்டது. "உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டதாமே" என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். ரத்தானது பழைய விதி. இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது புதிய விதி.

டன்னுக்கு 50 கிராம்: உப்பளத்தின் சிரமம்

கலக்கப்படும் இரசாயனத்தின் பெயர் பொட்டாசியம் அயோடேட். வெள்ளைத் தூள். இதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அயோடின். ஒரு டன் உப்பில் 30 கிராம் அயோடின் இருக்க வேண்டுமானால் சுமார் 50 கிராம் அயோடேட் போதும். அதைத் தண்ணீரில் கரைத்து, உப்பு நகர்ந்து போகும்போது அதன் மேல் சீராகத் தெளிக்கிறார்கள். அயோடைடு என்ற வேறொரு வகையும் உண்டு. ஆனால் நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் அது விரைவில் போய்விடும். அயோடேட் நின்று பிடிக்கும். அதனால்தான் இங்கே அயோடேட். இதற்கான அயோடினை நாம் சிலி, ஜப்பான் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம்.

கேட்பதற்கு எளிது. ஆனால் மரக்காணம் போன்ற உப்பளத்தில் சிறு அளவில் உப்பு விளைவிப்பவரின் நிலையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவ மழை வந்தால் வேலை நின்றுவிடும். மழை ஓய்ந்து பாத்தி சரிசெய்து, கோடையில் வாரினால்தான் காசு. பாத்தியிலிருந்து வரும் கல் உப்பு ஈரமானது, பெரிய பரல். அதைக் கழுவி, நீர் வடித்து, சீராகத் தெளிக்க இயந்திரம் வேண்டும். சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூட வசதி வேண்டும். உள்ளுறை போட்ட சாக்கு வேண்டும். 50 கிராம் மருந்தின் விலை பெரிதல்ல. அதை முறைப்படி கலக்கும் ஏற்பாட்டுக்கான முதலீடுதான் பெரிது. வாளியில் கரைத்துக் கையால் தெளித்தால் மூட்டையின் ஒரு மூலையில் அதிகமும் இன்னொரு மூலையில் ஒன்றுமில்லாமலும் போகும். ஆய்வுக்கு எடுத்த மாதிரி எந்த மூலையிலிருந்து வந்ததோ, அதைப் பொறுத்துக் கடைக்காரரின் தலைவிதி அமையும்.

இயந்திரம் வைத்தவர் பாக்கெட் போட்டுத் தமிழ்நாடு முழுவதும் விற்கிறார். வைக்க முடியாதவர் இயந்திரம் உள்ள வியாபாரிக்கோ, தொழிற்சாலைக்கோ, பதப்படுத்தும் உபயோகத்திற்கோ, கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. குழந்தையின் நலனுக்காக வந்த விதி, சிறு உப்பளத்தைச் சந்தையின் ஓரத்துக்குத் தள்ளுகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நமக்கு அழகல்ல.

இதன் விளைவு கணக்கிலும் தெரிகிறது. 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், நாடு முழுவதும் 76.3 சதவீத வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம் மட்டுமே. மாநிலங்களில் கடைசி இடம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலம், அயோடின் உப்பு உண்பதில் கடைசி. உப்பளம் பக்கத்தில் இருப்பதும், சமையலுக்குக் கல் உப்பே ருசி என்ற நம் பழக்கமுமே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கருவாட்டு உப்பும் குழம்பு உப்பும்

மூன்றாவது கேள்வியே நமது பகுதிக்கு முக்கியமானது. கருவாடு போடுவது பதப்படுத்தும் உபயோகம். விதியின் விலக்கு அதற்குப் பொருந்தும். ஆகவே பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊரில் அயோடின் இல்லாத கல் உப்பைக் கடையில் வைத்திருப்பது தன்னளவில் குற்றமல்ல. அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் குற்றமும் குற்றமின்மையும்.

"பதப்படுத்துவதற்கு" என்று அச்சிட்ட மூட்டை, கட்டுப் பிரிக்காமல் தனி இடத்தில் இருக்கிறது. கருவாடு போடுபவர் வந்து மூட்டையாக வாங்குகிறார். பில் போடுகிறோம். இது முறையான வியாபாரம்.

அதே மூட்டையை வாசலில் பிரித்து வைத்து, பக்கத்தில் படியையும் வைத்து, கேட்பவர்க்கெல்லாம் ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் அள்ளிப் போடுகிறோம். வாங்கியவர் அதைக் குழம்பில் போடுவார் என்பது நமக்கும் தெரியும், சோதிக்க வருபவருக்கும் தெரியும். அங்கே மூட்டையின் மேல் அச்சிட்ட எழுத்து நம்மைக் காப்பாற்றாது.

எழுத்தே இல்லாத வெறும் சாக்கில் வரும் உப்பு மூன்றாவது வகை. அது எந்த உபயோகத்திற்கு என்று நிரூபிக்க நம்மிடம் எதுவும் இல்லை. அந்தச் சரக்கை இறக்கவே கூடாது.

அயோடின் கலந்த உப்பும் கலக்காத உப்பும் பார்வைக்கு ஒன்றுதான். நிறம், மணம், ருசி எதிலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கக் கூடாது. ஒரே படியால் அளக்கக் கூடாது. கடைப் பையனுக்கு வித்தியாசத்தைச் சொல்லி வைக்க வேண்டும். முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் பையன் மாற்றி அள்ளிப் போட்டாலும் பொறுப்பு முதலாளிக்கே.

மாதிரி எடுக்க வந்தால்

பழைய கலப்படத் தடைச் சட்டத்தில் குறைந்தபட்சத் தண்டனையே ஆறு மாதச் சிறை என்று இருந்தது. எத்தனையோ வணிகர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். இப்போதைய சட்டம் அதை மாற்றியிருக்கிறது. தரம் குறைந்த உணவு என்று ஆய்வில் வந்தால், பிரிவு 51-ன்படி 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதை விசாரிப்பவர் மாவட்ட அளவிலான தீர்ப்பு அலுவலர். நம் மாநிலத்தில் மாவட்ட வருவாய் அலுவலர். மீறலின் தன்மை, அதனால் கிடைத்த ஆதாயம், முன்பும் இதே தவறு நடந்ததா என்பதையெல்லாம் பார்த்தே அபராதத் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று பிரிவு 49 சொல்கிறது. ஆனால் "பாதுகாப்பற்ற உணவு" என்று அறிக்கை வந்தால் அது அபராதத்தோடு முடியாது, குற்றவியல் வழக்காகும்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் பதற்றப்படவோ, கடையைச் சாத்தவோ வேண்டாம். தடுப்பதே தனிக் குற்றம். நமக்குள்ள உரிமைகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

எடுக்கும் மாதிரிக்கு உரிய விலையை அலுவலர் கொடுக்க வேண்டும். மாதிரி எடுப்பதை எழுத்து மூலம் நமக்குத் தெரிவிக்க வேண்டும். மாதிரியை நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கும், இரண்டு பகுதி நியமன அலுவலரிடமும் போகும். நான்காவது பகுதியை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி நாம் கேட்கலாம். இந்த உரிமையைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இரண்டு அறிக்கையும் மாறுபட்டால் மாதிரி மேல்நிலை ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி. அறிக்கை நமக்குப் பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். காலம் தவறினால் உரிமையும் போயிற்று.

பில்தான் நமக்குக் கவசம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்தப் பகுதியை வையுங்கள்.

உப்புக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. வரி இல்லாத சரக்குக்கு எதற்குப் பில் என்று மொத்த வியாபாரியும் கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. வண்டியில் வந்து இறக்கிவிட்டுக் காசு வாங்கிப் போய்விடுகிறார்கள். பிரச்சினையின் வேரே இதுதான்.

சட்டத்தின் பிரிவு 26 என்ன சொல்கிறது? விநியோகிப்பவர், தாம் விற்கும் உணவின் தன்மை, தரம் பற்றிச் சில்லறை வணிகருக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தராமல் விற்கக் கூடாது. தனியாக உத்தரவாதப் பத்திரம் தராவிட்டாலும், அவர் கொடுக்கும் பில் அல்லது ரொக்க ரசீதே உத்தரவாதமாகக் கருதப்படும். பிரிவு 27-ல் விற்பவரின் பொறுப்புகளைச் சொல்லும்போது, யாரிடமிருந்து வாங்கியது என்று அடையாளம் காட்ட முடியாத சரக்கை விற்றால் விற்றவரே பொறுப்பு என்று இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பில் இருந்தால், "இன்னாரிடம் அயோடின் உப்பு என்று வாங்கினேன், உறையைப் பிரிக்காமல் சரியாக வைத்திருந்தேன்" என்று சொல்ல நமக்கு ஆதாரம் உண்டு. கேள்வி மேலே உள்ளவரிடம் போகும். பில் இல்லையென்றால் கேள்வி நம்மிடமே நின்றுவிடும். உப்பளத்துக்காரர் செய்ய வேண்டியதை அவர் செய்யாமலும், மொத்த வியாபாரி பார்க்க வேண்டியதை அவர் பார்க்காமலும் விட்டதற்கு, கடைசியில் கைமாற்றிய மளிகைக் கடைக்காரர் கை கட்டி நிற்க வேண்டியிருக்கும்.

பில்லில் "உப்பு 10 மூட்டை" என்று மட்டும் எழுதினால் போதாது. "அயோடின் கலந்த கல் உப்பு" என்றும், தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் இவற்றையும் குறிக்கச் சொல்லுங்கள். பதப்படுத்தும் உப்புக்குத் தனிப் பில் வாங்குங்கள். நம் சங்கத்தில் உள்ள மொத்த வணிகர்களுக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறோம். பில் கொடுப்பது சில்லறை வணிகருக்குச் செய்யும் தயவு அல்ல. சட்டம் உங்கள் மீது வைத்த கடமை.

சரக்கைக் காப்பது எப்படி?

நல்ல சரக்கு வாங்கினாலும் நம் கையில் கெட்டுப் போகலாம். ஈரம், வெயில், திறந்து வைத்தல் ஆகிய மூன்றும் அயோடினுக்குப் பகை. மூட்டை நனைந்து நீர் கசிந்தால் அயோடேட்டும் அந்த நீரோடு கரைந்து ஒழுகும். வாங்கும்போது 20 இருந்தது, ஐப்பசி அடைமழையில் வாசலில் கிடந்து 15-க்குக் கீழே போனால் குற்றம் நம்முடையது.

ஆகவே உப்பு மூட்டையை வாசலிலிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். தரையில் வைக்காமல் மரப் பலகை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். உள்ளுறை உள்ள சாக்கில் வந்த உப்பை வேறு சணல் சாக்குக்கு மாற்றாதீர்கள். பிரித்த உப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுத் தீருங்கள். மழைக்காலத்துக்கு என்று ஆறு மாத இருப்பு வாங்கி அடுக்க வேண்டாம்.

உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்கச் சிறு சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. உப்பின் மேல் இரண்டு சொட்டு விட்டால் நீலமோ ஊதாவோ ஆகும். நிறம் மாறாவிட்டால் அந்த மூட்டையை ஒதுக்கிவிடலாம். ஆனால் இது இருக்கிறதா இல்லையா என்பதற்குத்தான் நம்பகமானது; சரியான அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். சங்கத்துக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்து, சரக்கு இறங்கும் நாளில் பயன்படுத்திக் கொள்ளலாம்.

வாடிக்கையாளர் கேட்டால்

"பாக்கெட் உப்பில் சயனைடு இருக்கிறதாமே" என்று சிலர் கேட்கிறார்கள். தூள் உப்பு கட்டி பிடிக்காமல் இருக்கப் பொட்டாசியம் ஃபெரோசயனைடு என்ற பொருளைச் சேர்க்க அனுமதி உண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பெயரில் சயனைடு இருந்தாலும் அது இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் விஷச் சயனைடாகப் பிரிவதில்லை. அந்த அளவில் ஆபத்து இல்லை என்பதே உலக உணவுத் தர அமைப்புகளின் முடிவு.

"எனக்குக் கல் உப்புதான் வேண்டும்" என்பார்கள். கொடுங்கள். அயோடின் கலந்த கல் உப்பு பாக்கெட்டிலேயே வருகிறது. கல்லா தூளா என்பது ருசி விவகாரம். அயோடின் உண்டா இல்லையா என்பதுதான் சட்ட விவகாரம்.

இரத்த அழுத்தம் உள்ளவர் "அயோடின் உப்பு அதிகம் சேர்த்தால் நல்லதா" என்று கேட்டால், உப்பைக் குறைக்கவே சொல்லுங்கள். எந்த உப்பாக இருந்தாலும் நாளுக்கு 5 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அரசுக்கு நமது வேண்டுகோள்

விதியை நாம் எதிர்க்கவில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட விஷயத்தில் வணிகர் சமுதாயம் பின்வாங்காது. ஆனால் விதியின் பாரம் சரியான தோளில் ஏற வேண்டும்.

முதலாவதாக, சோதனை உப்பளத்து வாயிலிலும் மொத்தக் கிடங்கிலும் தொடங்க வேண்டும். ஒரு மொத்தக் கிடங்கில் தவறைத் தடுத்தால் நூறு கடையில் தடுத்த மாதிரி. நூறு கடையில் மாதிரி எடுத்தாலும் கிடங்கு அப்படியே இருக்குமானால் மறுநாள் அதே உப்புதான் மறுபடியும் வரும்.

இரண்டாவதாக, மரக்காணத்துச் சிறு உற்பத்தியாளர்கள் கூலி கொடுத்து அயோடின் கலந்து கொள்ளப் பொதுவான இயந்திர நிலையமும் சோதனை வசதியும் அரசோ கூட்டுறவோ அமைக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் 1974 முதல் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் நடந்து வருகிறது. 2014-ல் அது அம்மா உப்பு என்ற பெயரில் அயோடின் உப்பும், இரும்பும் அயோடினும் சேர்ந்த உப்பும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அரசால் முடியாத காரியம் அல்ல இது.

மூன்றாவதாக, சிறு கடைகளில் முதல் முறை குறை கண்டால் எச்சரித்துத் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும். மேலே சரக்குக் கொடுத்தவரை விசாரிக்காமல் கடைக்காரர் மீது மட்டும் நடவடிக்கை கூடாது.

இவை அரசு செய்ய வேண்டியவை. அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வாசல் மூட்டையை உள்ளே எடுப்பதற்கும், கருவாட்டு உப்பைத் தனியே வைப்பதற்கும், உப்புக்கும் பில் கேட்பதற்கும் யாருடைய உத்தரவும் தேவையில்லை. அடுத்த லோடு இறங்கும்போதே தொடங்குங்கள்.